கன்றைப் பிரிந்த பசுக்கள்

வழித்துணை – 11

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிகிற நேரத்தில் எங்கள் சபையில் ஒரு எவர்சில்வர் தட்டு சுற்றி வரும். தட்டு நிறைய வாக்குத்தத்த அட்டைகள். எழுத்து தெரியாதபடி கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஆளுக்கு ஒன்று எடுக்கவேண்டும். ஒரு வருஷம் அம்மாவுக்கு யோவான் 16:33 வந்துவிட்டது. உபத்திரவத்தைச் சொல்லி ஆரம்பித்து, திடன்கொள்ளச் சொல்லி முடிகிற வசனம். அம்மாவின் கண்ணில் உபத்திரவம் மட்டும்தான் பட்டது. "அடுத்த வீட்டு அக்காவுக்கு 121ஆம் சங்கீதம் வந்திருக்கு. எனக்கு வந்திருக்கிறதப் பாரு" என்று வீடு வந்து சேரும்வரை புலம்பல். ஆனாலும் அட்டையைத் தூக்கி எறியவில்லை. அரிசி டின் மூடியின் உள்பக்கம் ஒட்டிவைத்தாள். உலை வைக்கும்போதெல்லாம் அது அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நாம் வசனத்தை எடுப்பது ஒரு வகை. வசனம் ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டு வருஷக்கணக்கில் உலுக்குவது இன்னொரு வகை. போன வாரம் யோபுவைச் சாம்பலில் உட்காரவைத்துவிட்டு வந்தோம். அவர் அங்கேயே இருக்கட்டும். இந்த வாரம் இங்கிலாந்து வரை போய்வருவோம்.

ஜான் பனியன். ஓய்வுநாள் பள்ளியில் இந்தப் பெயரைக் கேட்டாலே பையன்கள் சிரித்துவிடுவோம். டீச்சர் முறைப்பார். 'மோட்சப் பிரயாணம்' எழுதியவர் என்பதோடு பாடம் முடிந்துவிடும். அவர் என்ன வேலை பார்த்தார் என்று யாரும் சொன்னதில்லை. ஓட்டைப் பாத்திரம் அடைப்பது அவர் தொழில். 1628இல் பெட்ஃபோர்டுக்குப் பக்கத்தில் எல்ஸ்டோ என்ற கிராமத்தில் பிறந்தவர். அப்பாவுக்கும் அதே தொழில். கலியாணம் ஆனபோது வீட்டில் ஒரு தட்டோ கரண்டியோ கிடையாது. பாத்திரக்காரன் வீட்டில் பாத்திரம் இல்லை. மனைவி கொண்டுவந்த சீர் இரண்டே புத்தகங்கள், இரண்டும் பக்தி நூல்கள்.

1666இல் அவர் வெளியிட்ட தன்வரலாற்று நூல் ஒன்று உண்டு. 'மோட்சப் பிரயாணம்' அளவுக்கு இதை நம்மவர்கள் படிப்பதில்லை. எனக்கு இதுதான் நெருக்கம். அதில் மனுஷர் தன்னைக் கொஞ்சமும் அலங்கரித்துக்கொள்ளவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் கிட்டிப்புள் மாதிரி ஒரு ஆட்டம் ஆடிக்கொண்டிருக்கிறார். புள்ளை ஒருமுறை அடித்தாயிற்று. இரண்டாவது அடிக்குக் கை ஓங்கும்போது, பாவத்தை விட்டுவிட்டு மோட்சம் போகிறாயா, அதை வைத்துக்கொண்டு நரகம் போகிறாயா என்று ஒரு குரல் உள்ளே கேட்கிறது. திகைத்து நிற்கிறார். சாட்சி சொல்லும் கூட்டங்களில் இந்த இடத்தில் முழங்காலில் விழுந்தேன் என்றுதான் கதை போகும். பனியன் என்ன செய்தார்? இனிமேல் திரும்பி என்ன, எப்படியும் நேரம் கடந்துவிட்டது என்று முடிவுகட்டி, ஆட்டத்தைத் தொடர்ந்தார்.

அவரைத் திருப்பியது பிரசங்கம் இல்லை. தொழில் விஷயமாகப் பெட்ஃபோர்டு தெருவில் போகும்போது, ஒரு வீட்டு வாசலில் மூன்று நான்கு ஏழைப் பெண்கள் வெயில் காய்ந்துகொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். கடவுள் விஷயம். அதற்குள் பனியனும் கெட்ட வார்த்தைகளை விட்டு, பக்திப் பேச்சில் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியிருந்தார். நாமும் நாலு வார்த்தை போடலாம் என்று பக்கத்தில் போனார். போட முடியவில்லை. அவர்கள் பேசியது புரியவே இல்லை. தங்கள் உள்ளத்தின் கேட்டையும், எந்த வாக்குத்தத்தம் எப்படித் தாங்கியது என்பதையும் அந்தப் பெண்கள் சாதாரணமாக, சந்தோஷம் தாளாமல் பேசுகிறவர்களைப் போலப் பேசினார்கள். அவர்கள் யார் யார் என்று அவர் எழுதிவைக்கவில்லை. அந்த வாசலுக்கு மறுபடி மறுபடி போனேன் என்று மட்டும் எழுதியிருக்கிறார்.

அதற்குப் பிறகாவது நேர்வழியா என்றால், இல்லை. எனக்கு விசுவாசம் இருக்கிறதா இல்லையா என்று ஒரு சந்தேகம். கடுகளவு விசுவாசம் மலையைப் பெயர்க்கும் என்றால் சோதித்துப் பார்த்துவிடலாமே? எல்ஸ்டோவுக்கும் பெட்ஃபோர்டுக்கும் நடுவே சாலையில் குதிரைக் குளம்புகள் மிதித்த பள்ளங்களில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. தேங்கிய இடத்தைக் காயச் சொல்லவேண்டும், காய்ந்த இடத்தைக் குட்டையாகச் சொல்லவேண்டும். வாய் திறக்கப்போகும்போது, முதலில் அந்த வேலியோரம் போய் ஜெபம் பண்ணிவிட்டு வரலாம் என்று தோன்றியது. அடுத்த நிமிஷமே இன்னொரு பயம்: ஜெபம் பண்ணியும் நடக்காவிட்டால், எனக்கு விசுவாசம் இல்லை என்பது உறுதியாகிவிடுமே. பேசாமல் நடையைக் கட்டினார். வளர்ந்த ஆள் ஒருவன் குட்டைத் தண்ணீரோடு மல்லுக்கட்டியதைப் படித்து நான் சிரித்தது உண்டு. பரீட்சை ரிசல்ட் வரும் நாளில் நானே ஆண்டவரோடு போட்ட ஒப்பந்தங்கள் நினைவுக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

இன்னொரு சமயம், சோர்ந்திருந்தபோது ஒரு வசனம் மனதில் வந்து விழுந்தது. முந்தின தலைமுறைகளைப் பார், ஆண்டவரை நம்பிக் கைவிடப்பட்டவன் எவனாவது உண்டா என்ற பொருளில். உடம்பில் தெம்பு வந்ததுபோல் இருந்தது. எந்த அதிகாரம் என்று பார்க்க வேதத்தைத் திறந்தார். கிடைக்கவில்லை. ஆதியாகமத்திலிருந்து வெளிப்படுத்தின விசேஷம் வரை தேடினார். பெரியவர்களைக் கேட்டார், ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. கடைசியில் கிடைத்த இடம் அவர் நினைத்தே பார்க்காதது. சீராக் 2:10. புராட்டஸ்டண்டுகள் திருமறையில் சேர்க்காத தள்ளுபடி ஆகமம். நம் ஊரிலும் சி.எஸ்.ஐ. வீட்டு வேதாகமத்தில் தேடினால் கிடைக்காது, கத்தோலிக்கர் வீட்டுத் திருவிவிலியத்தில் இருக்கும். முதலில் அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பிறகு யோசித்தார். இது பல வாக்குத்தத்தங்களின் சாரம்தானே, இதில் ஆறுதல் அடைவது என் கடமை என்று எடுத்துக்கொண்டார். எந்த சபையின் பட்டியலில் இருக்கிறது என்பதைவிட, பசித்தபோது சோறாக இருந்தது என்பது பெரிதாகப் பட்டிருக்கிறது. அந்தக் காலத்து பியூரிட்டன் ஒருவர் இந்த அளவுக்கு இறங்கி வந்ததே ஆச்சரியம்தான்.

பெரிய போராட்டம் பிறகுதான் வந்தது. கிறிஸ்துவை விற்றுவிடு, விற்றுவிடு என்று ஒரு நினைப்பு ஒரு வருஷமாகத் துரத்தியது. மாட்டேன், மாட்டேன் என்று முழங்கையால் இடித்துத் தள்ளுவாராம். சாப்பாட்டைப் பாதியில் விட்டு ஜெபம் பண்ண எழுந்து போவாராம். ஒரு நாள் காலை படுக்கையில் கிடக்கும்போது, ஓய்ந்துபோய், போகிறதானால் போகட்டும் என்று மனம் விட்டுக்கொடுத்துவிட்டது. அவ்வளவுதான். எபிரெயர் 12:16–17 வந்து கழுத்தில் உட்கார்ந்தது. ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பிறப்புரிமையை விற்ற ஏசா, பிறகு கண்ணீர்விட்டுத் தேடியும் மனமாற்றத்துக்கு இடம் காணாத பகுதி. வருஷக்கணக்கில் அந்த வசனத்தின் பிடியில்தான் கிடந்தார். இன்றைக்கு ஒரு மனநல மருத்துவர் இதற்கு வேறு பெயர் வைப்பார். வைக்கட்டும். மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் என்று முழங்கும் பிரசங்கியார்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஏசாவுக்கு எதிராக இன்னொரு வசனம் எழுந்தது. பவுலின் முள்ளைப் பற்றிய பகுதியில், 2 கொரிந்தியர் 12:9இல், கிருபை போதும் என்று வருவது. ஆனால் பாதிதான் வந்தது. 'உனக்கு' என்ற சொல் ஒட்டவில்லை. கிருபை போதும் சரி, எனக்குப் போதுமா? ஆங்கிலத்தில் அந்தச் சொல் வாக்கியத்தின் கடைசியில் நிற்பதால் அதைத் தவறவிட முடிந்திருக்கிறது. தமிழ் வேதாகமத்தில் 'உனக்கு' நடுவிலேயே வந்துவிடுகிறது, அதை விட்டுவிட்டுப் படிக்க வழியில்லை. நமக்கு அந்தச் சௌகரியம். அவருக்கு அது வந்து சேர வாரக்கணக்கில் ஆயிற்று. அதுவரை மனசமாதானம் ஒரு நாளில் இருபது தடவை வந்து வந்து போகும் என்கிறார். ஒரு கூட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது முழு வசனமும், 'உனக்கு' உட்பட, மூன்று முறை இடித்துக்கொண்டு உள்ளே வந்தது. பிற்பாடு இரண்டு வசனங்களும் ஒரே நேரத்தில் வந்து மோதினால் எது ஜெயிக்கும் என்று பார்த்துவிட ஆசைப்பட்டார். மோதின. ஏசா மெலிந்து பின்வாங்க, கிருபை நின்றது.

இதோடு முடிந்திருந்தால் சுபம் போட்டுவிடலாம். ஆனால் இதெல்லாம் உள்ளுக்குள் நடந்த யுத்தம். வாசல் வழியாக வந்த சோதனைக்குத் தேதி உண்டு: 1660 நவம்பர் 12. அரசு சபையின் அனுமதி இல்லாமல் கூட்டம் நடத்திப் பிரசங்கித்ததற்காகக் கைது. இனிப் பிரசங்கிக்கமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வீட்டுக்குப் போயிருக்கலாம். சொல்லவில்லை. மூன்று மாதம் என்று ஆரம்பித்த தண்டனை 1672 வரை நீண்டது.

முதல் மனைவி இறந்துவிட்டார். இரண்டாம் மனைவி எலிசபெத்துக்குக் கலியாணமாகி ஒரு வருஷம் இருக்கும், கர்ப்பிணி. கைதுச் செய்தியின் அதிர்ச்சியில் காலத்துக்கு முன்பே பிரசவ வேதனை கண்டு, எட்டு நாள் துடித்து, பிள்ளை தங்கவில்லை. மூத்தாள் பிள்ளைகள் நான்கு பேரும் அவர் கையில். அந்தப் பெண் லண்டன் வரை போய் மனு கொடுத்தார். 1661 ஆகஸ்டில் பெட்ஃபோர்டின் ஸ்வான் சத்திரத்தில் நீதிபதிகள் கூடியிருந்த அறைக்குள் நுழைந்து பேசினார். ஏழை, பாத்திரம் அடைப்பவன் என்பதால்தானே அவருக்கு நியாயம் கிடைக்கவில்லை என்று முகத்துக்கு நேரே கேட்டார். ஒரு நீதிபதி கோபத்தில் கத்தினார். நீதிபதி மேத்யூ ஹேல் மட்டும் இரக்கத்தோடு கேட்டு, சட்டத்தில் உள்ள வழிகளைச் சொல்லி அனுப்பினார். பலன் இல்லை. பனியனின் விசுவாசத்தைப் பற்றிப் பிரசங்கிக்கிறவர்கள் எலிசபெத்தை ஒரு வரியில் கடந்துபோவது எனக்கு எப்போதும் உறுத்தும்.

சிறையில் பாத்திரம் அடைக்க முடியாது. நீண்ட நாடாக்களுக்கு, நம் ஷூ லேஸ் நுனியில் இருக்குமே, அப்படி உலோக முனை பொருத்திக் கொடுத்து, குரோஸ் கணக்கில் விற்றுக் குடும்பத்துக்கு அனுப்பினார். பக்கத்தில் ஒரு வேதாகமமும், ரத்தசாட்சிகளின் வரலாறு ஒன்றும்.

நான்கு பிள்ளைகளில் மூத்தவள் மேரி. பிறவியிலேயே பார்வை இல்லை. அப்பா சிறைக்குப் போகும்போது அவளுக்குப் பத்து வயது. குடும்பத்தைப் பிரிந்தது எலும்பிலிருந்து சதையைப் பிய்ப்பதுபோல் இருந்தது என்று எழுதும் பனியன், எல்லாரிலும் அந்தக் குருட்டுப் பிள்ளைதான் என் நெஞ்சில் கிடந்தாள் என்கிறார். அவள்மேல் காற்றுப் படுவதையே பொறுக்காதவன், அவள் பிச்சையெடுக்கவும் அடிபடவும் விட்டுவிட்டு வந்துவிட்டேனே என்று. பெண்டாட்டி பிள்ளைகளின் தலைமேல் நானே வீட்டை இடித்துத் தள்ளுகிறேன் என்றும்.

இந்த இடத்தில் அவருக்கு வந்த வேதபகுதி எது தெரியுமா? அரிசி டின்னில் ஒட்டுகிற மாதிரி எதுவும் இல்லை. 1 சாமுவேல் 6ஆம் அதிகாரத்தின் இரண்டு கறவைப் பசுக்கள். பெலிஸ்தர் உடன்படிக்கைப் பெட்டியைத் திருப்பி அனுப்ப ஒரு புது வண்டி செய்து, நுகம் அறியாத இரண்டு பசுக்களைப் பூட்டி, கன்றுகளை வீட்டில் அடைத்துவிடுகிறார்கள். ஓட்ட ஆள் இல்லை. கன்று போட்ட பசு தொழுவத்துக்குத்தான் திரும்பும் என்பது பெலிஸ்தருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். அவை பெத்ஷிமேஸ் சாலையில் வலது இடது பார்க்காமல் நேரே போயின. இதைச் செய்துதான் ஆகவேண்டும் என்று தனக்குள் சொல்லிக்கொண்ட பனியனுக்கு அந்த மாடுகள்தான் நினைவுக்கு வந்தன. இத்தனை வருஷம் வேதத்தில் தனக்கு மன்னிப்பு உண்டா என்றே துழாவிக்கொண்டிருந்தவர், இப்போது தன்னைப் போலவே நடந்துபோன இரண்டு வாயில்லா ஜீவன்களை அங்கே கண்டுகொண்டார்.

பசுக்கள் திரும்பவில்லை என்று சொல்கிற அதே வசனம், அவை வழிநெடுகக் கத்திக்கொண்டே போயின என்றும் சொல்கிறது. ஊர் போய்ச் சேர்ந்ததும் வண்டியைப் பிளந்து விறகாக்கி, பசுக்களைப் பலியிட்டதை அடுத்த சில வசனங்களில் படிக்கலாம். பனியன் அதுவரை போகவில்லை. கன்றை விட்டுப்போன இடத்தோடு நிறுத்திக்கொண்டார்.

பெட்ஃபோர்டு அருங்காட்சியகத்தில் ஒரு குடுவை இருக்கிறது. சாயங்காலம் ஆனால் மேரி அதில் அப்பாவுக்கு சூப் எடுத்துக்கொண்டு, தெருவைத் தடவித் தடவிச் சிறை வாசல்வரை வருவாள் என்று அந்த ஊரில் வழிவழியாகச் சொல்கிறார்கள்.

(தொடரும்)