கலைஞன் கைப்பட்ட அச்சு



கண்டாவளைப் பகுதியிலே, 2009 ஆம் ஆண்டுக்கு முன், சைவ வீடுகளின் முன்விறாந்தையில் இலக்குமியோ சரசுவதியோ சட்டமிட்ட கண்ணாடிக்குள் வீற்றிருப்பதைக் காணலாம். இரவிவர்மா 1894 இல் பம்பாயில் நிறுவிய கல்லச்சுக்கூடம் பரப்பிய மரபு அது. இடம்பெயர்ந்து மீண்டவர்கள் எழுப்பிய புதிய சுவர்கள் பல, நெடுநாள் வெறுமையாகவே இருந்தன. இன்று, அங்கே நம் காலத்து ஓவியர் ஒருவரின் படைப்பை வைக்க இயலுமா என்று சிலர் என்னிடம் வினவுகின்றனர். தூரிகையால் தீட்டிய ஓவியத்தின் விலை நமக்கு எட்டாது. அச்சோவியமோ பெரும்பாலும் அதனினும் மலிவு. ஆனால், அச்சிட்டதெல்லாம் அச்சோவியம் ஆகாது.

இதனை யான் பொருள் இழந்தே கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன், ஓவியரின் கையொப்பமிட்ட அச்சு என்று சொல்லப்பட்ட ஒன்றை அரைமாதச் சம்பளம் கொடுத்து வாங்கினேன். பாடசாலை ஆய்வுகூடத்து உருப்பெருக்குக் கண்ணாடியால் நோக்கியபோது, நாட்காட்டிப் படத்திற் காண்பது போன்ற வண்ணப் புள்ளிகள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. கையொப்பமும் புள்ளிகளால் ஆனதே! ஓவியத்தைப் புகைப்படமெடுத்து அச்சிட்ட வெறும் நகல் அது.

மூல அச்சுக்கு முன்னே வேறோர் ஓவியம் இருப்பதில்லை. கலைஞர் மரத்தையோ கல்லையோ உலோகத் தகட்டையோ தாமே செதுக்கி, அல்லது அமிலத்தால் அரித்து, மையிட்டு, தாளில் அழுத்தி எடுப்பதே படைப்பு. கிருஷ்ண ரெட்டி என்பவரை எண்ணிப் பாருங்கள். 1925 இல் சித்தூர்ப் பக்கத்திற் பிறந்து, சாந்திநிகேதனத்திற் பயின்று, 1947 முதல் 1949 வரை சென்னைக் கலாக்ஷேத்திரத்தில் ஓவியம் கற்பித்தவர். பின்பு பாரிஸ் சென்று, ஹேய்ற்றர் நடத்திய அச்சுக்கூடத்திற் பணியாற்றினார். ஒரே தகட்டிற் பல வண்ணங்களை ஒருசேர அச்சிடும் முறையை உருவாக்கியவர்களுள் அவரும் ஒருவர். தகட்டைப் பல ஆழங்களிற் செதுக்குவர். கடினமான உருளை மேட்டை மட்டும் தொடும். மென்மையான உருளை பள்ளத்திலும் இறங்கும். எண்ணெய் மிகுந்த மை படிந்த இடத்தில், எண்ணெய் குறைந்த மை ஒட்டாது விலகும். எனவே வண்ணங்கள் கலவாமல் அருகருகே நிற்கும். 2018 இல் மறைந்த அவருடைய அச்சுகள் உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் உள்ளன. தமிழ்நாட்டுத் தேவகோட்டையில் 1957 இற் பிறந்த ஆர். எம். பழனியப்பனும் இத்துறையிற் பெயர்பெற்றவர்.

வாங்குமுன், தாளின் அடியோரத்தைப் பாருங்கள். பென்சிலால் 7/50 என்றிருப்பின், ஐம்பது பிரதிகளுள் ஏழாம் எண்ணுடையது என்பது பொருள். முதல் எண் சிறிதாயின் மதிப்பு மிகுதி என்பர் சில வணிகர். அதனை நான் ஏற்பதில்லை. எண்ணிட்ட வரிசையிலேதான் அச்சாயின என்பதற்கு உறுதி இல்லை. ஊசியால் நேரே கீறிய தகடு விரைவில் தேய்வதால், அதன் முற்பட்ட அச்சுகள் செறிவாயிருக்கும். செதுக்கிய உலோகத் தகட்டின் அச்சாயின், தகட்டின் விளிம்பு தாளில் அழுந்திய தடமும் விரலுக்குத் தட்டுப்படும். எனினும் தடம், கையொப்பம், எண் மூன்றையும் போலியாகச் செய்யக்கூடும். ஆதலின் எந்த முறையில், எத்தனை பிரதிகள் அச்சிடப்பட்டன என்பதை எழுத்திற் கேட்டு வாங்குங்கள்.

வாங்கியபின், நம் நாட்டிற் பகைவர் மூவர்: வெயில், மாரிகால ஈரம், கறையான். நேர்வெயில் படும் சுவர் வேண்டா. தாள் கண்ணாடியைத் தொடாதவாறு, அமிலமற்ற மட்டையை இடையே வைத்துச் சட்டமிடச் சொல்லுங்கள். சாதாரண மட்டை சில ஆண்டுகளில் தாளைப் பழுப்பாக்கிவிடும். பசையும் ஒட்டுநாடாவும் தாளிற் படலாகாது. வெண்ணிற ஓரத்தை, சட்டத்திற்குப் பொருந்தவில்லை என்று வெட்டிவிடாதீர்கள். பென்சில் எழுத்து அங்கேதான் உள்ளது. மாரி தொடங்குமுன் ஒருமுறை படத்தை இறக்கி, பின்புறத்தில் மண்கோடு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.