பத்திரிகை சொன்னது, அமெரிக்கா நட்டது: 100 ஆண்டுக்கு முந்தைய தோட்டக் கட்டுரைகள் விட்டுச்சென்றது என்ன?

ஜப்பானிய பார்பெரி. முள்ளும் சிவப்புப் பழமுமாக இருக்கும் ஒரு சின்னப் புதர். அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்தில், ஒருசில மலட்டு ரகங்களைத் தவிர, 2015 முதல் இதை விற்கத் தடை. பென்சில்வேனியா 2021-ல் இதைக் கேடு விளைவிக்கும் களைகளின் பட்டியலில் சேர்த்தது. காட்டுக்குள் புகுந்துவிட்டால் மற்ற செடிகளைத் தலைதூக்க விடாது. அதன் ஈரமான நிழலில் லைம் நோயைப் பரப்பும் உண்ணிகள் பெருகுகின்றன என்பது இன்னொரு தலைவலி.

இது யாரும் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்த செடி இல்லை. 1875-ல் பாஸ்டனில் உள்ள அர்னால்டு தாவரப் பூங்காவுக்கு விதையாக வந்தது. பிறகு 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டப் பத்திரிகைகள், கட்டுரையிலும் விளம்பரத்திலும், வேலிக்கு இதைவிட நல்ல செடி இல்லை என்கிற மாதிரி இதைத் தூக்கிப் பிடித்தன. மக்களும் வாங்கி நட்டார்கள்.

ஒரு பத்திரிகைக் கட்டுரைக்கு அவ்வளவு செல்வாக்கா? இருந்தது.

தபால்காரர் கொண்டுவந்த தோட்டம்

1885-ல் அமெரிக்கத் தபால்துறை பத்திரிகைகளுக்கான கட்டணத்தை ஒரு பவுண்டு எடைக்கு ஒரே ஒரு சென்ட் என்று குறைத்தது. 1896-ல் கிராமத்து வீடுகளுக்கே தபால் கொண்டுபோய்க் கொடுக்கும் சோதனை முயற்சி தொடங்கியது. இந்த இரண்டும் சேர்ந்ததில் மாத இதழ்கள் மூலை முடுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தன. 'லேடீஸ் ஹோம் ஜர்னல்' 1903-ல் 10 லட்சம் சந்தாதாரர்களைத் தொட்டது. 1901-ல் 'கன்ட்ரி லைஃப் இன் அமெரிக்கா', 'ஹவுஸ் அண்ட் கார்டன்', 1905-ல் 'கார்டன் மேகசின்' என்று வரிசையாக இதழ்கள் வந்தன.

'லேடீஸ் ஹோம் ஜர்னல்' இதழில் 14 ஆண்டுகள் பூச்செடிப் பகுதியைக் கவனித்தவர் விஸ்கான்சின் மாகாணத்தைச் சேர்ந்த எபன் ரெக்ஸ்ஃபோர்டு. அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு பாடப்பட்ட 'சில்வர் த்ரெட்ஸ் அமங் த கோல்டு' பாடலின் வரிகளை எழுதியவரும் இவர்தான். பங்களாக்காரர்களுக்காக இவர் எழுதவில்லை. ஜன்னலோரத் தொட்டி, வாசலில் கையகல மண் என்று இருப்பதை வைத்துப் பூ வளர்க்க நினைத்தவர்கள்தான் இவருடைய வாசகர்கள்.

இதில் வியாபாரமும் இருந்தது. கட்டுரையைப் படித்து முடித்துப் பக்கத்தைத் திருப்பினால் விதைக் கம்பெனி விளம்பரம். 1913-ல் பார்சல் தபால் வந்த பிறகு, படித்த செடியை வீட்டிலிருந்தே வரவழைப்பது இன்னும் சுலபமானது.

இங்கிலாந்துப் புத்தகமும் மிச்சிகன் பனியும்

அதுவரை அமெரிக்கர்கள் மதித்துப் படித்த தோட்டப் புத்தகங்களில் பல இங்கிலாந்தில் எழுதப்பட்டவை. அங்கே குளிர்காலம் மிதம், கோடையும் மிதம். அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியிலோ குளிர்காலத்தில் மைனஸ் 20 டிகிரி, கோடையில் வெயில் மண்டையைப் பிளக்கும். லண்டன் கணக்கை நம்பி மிச்சிகனில் நட்டால் செடி செத்துப்போகும்.

எந்தச் செடி எந்த ஊர்க் குளிரைத் தாங்கும் என்று காட்டும் வரைபடமும் அப்போது கிடையாது. அர்னால்டு பூங்காவின் ஆல்ஃபிரட் ரேடர் அப்படி ஒன்றை வெளியிட்டது 1927-ல். அமெரிக்க வேளாண்துறையின் வரைபடம் வந்தது 1960-ல்.

அப்புறம் எப்படிச் சமாளித்தார்கள்? 'கார்டன் மேகசின்' ஒரு எளிய கணக்கு வைத்திருந்தது. வசந்தம் ஒரு நாளைக்குச் சுமார் 15 மைல் வேகத்தில் வடக்கே நகர்கிறது. நியூயார்க் நகரத் தேதியை எடுத்துக்கொள்ள வேண்டும், வடக்கே போகும் ஒவ்வொரு 100 மைலுக்கும் சுமார் 6 நாள் கூட்ட வேண்டும், தெற்கே போனால் கழிக்க வேண்டும். நியூயார்க்கிலிருந்து 150 மைல் வடக்கே இருக்கும் ஆல்பனி நகரத்தில் விதைப்பு ஏறத்தாழ 10 நாள் தள்ளிப்போகும். மலை, ஏரி, கடல் எதையும் பார்க்காத முரட்டுக் கணக்குதான். ஆனாலும் ஒரே இதழைப் பல ஊர்க்காரர்கள் பயன்படுத்த இது போதுமானதாக இருந்தது.

மெஜந்தாவுக்கு வக்காலத்து வாங்கிய பெண்

இந்த எழுத்தின் சுவையான பகுதி நிறத்தைப் பற்றியது. இதழ்களின் உள்பக்கப் படங்கள் பெரும்பாலும் கருப்பு வெள்ளை. பூ என்ன நிறம் என்பதை எழுத்தில்தான் சொல்லியாக வேண்டும். ஒரு விதை கேட்லாக்கில் 'ரோஸ்' என்று இருப்பது இன்னொன்றில் வேறு பெயரில் இருக்கும். வாங்கியவர் ஏமாந்துபோவார்.

மிச்சிகனின் ஆல்மா ஊரில் வாழ்ந்த லூயிசா கிங் இதை ஒரு பிரச்சனையாகவே எடுத்துக்கொண்டு, நிறங்களுக்குப் பொதுவான அட்டவணை வேண்டும் என்று வாதாடினார். 1912-ல் பறவை ஆய்வாளர் ராபர்ட் ரிட்ஜ்வே 1,115 நிறங்களுக்குப் பெயரிட்டு ஒரு நூல் வெளியிட்டிருந்தார். பறவை இறகுக்குச் சரியான நிறப்பெயர் உண்டு, பூ இதழுக்கு இருக்கக் கூடாதா?

கிங் தோட்டக்கலையைக் கற்றது தன் மாமியாரிடம். 'அமெரிக்கத் தோட்டக் கழகம்' 1913-ல் உருவானபோது அதன் நிறுவனர்களில் ஒருவர். 1915-ல் வந்த அவருடைய முதல் புத்தகத்துக்கு இங்கிலாந்தின் புகழ்பெற்ற தோட்டக் கலைஞர் கெர்ட்ரூட் ஜீக்கில் முன்னுரை எழுதினார். இவ்வளவும் செய்தவர், அட்டையில் கணவர் பெயரைப் போட்டு 'மிஸஸ் பிரான்சிஸ் கிங்' என்றுதான் அறியப்பட்டார். அந்தக் கால வழக்கம் அப்படி.

இன்னொருவர் லூயிஸ் பீப் வைல்டர். 'ஹவுஸ் அண்ட் கார்டன்' வாசகர்களுக்கு நன்கு தெரிந்த பெயர். அப்போது மெஜந்தா நிறம் என்றாலே முகம் சுளிப்பது நாகரிகமாக இருந்தது. ஜீக்கிலுக்கே அது பிடிக்காது. வைல்டர் 1918-ல் வந்த தன் புத்தகத்தில் மெஜந்தாவுக்காக ஒரு அத்தியாயமே ஒதுக்கினார். நிறத்தின் மேல் தப்பில்லை, அதன் பக்கத்தில் எதை நடுகிறோம் என்பதில்தான் தப்பு என்பது அவர் கட்சி. பெரிய இடத்து ரசனையை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல், தன் மண்ணில் தானே பார்த்ததை வைத்து அவர் பேசியதுதான் இதில் முக்கியம்.

பூ போய் உருளைக்கிழங்கு வந்தது

1917 ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியதும் இதழ்களில் காய்கறி முன்னுக்கு வந்தது. சார்லஸ் லாத்ரோப் பேக் அமைத்த தேசியப் போர்த் தோட்ட ஆணையம், 1918-ல் நாட்டில் 50 லட்சத்துக்கும் அதிகமான போர்த் தோட்டங்கள் இருந்ததாகக் கணக்கு சொன்னது.

அறிவுரையில் கலந்த விஷம்

இந்தக் கதையில் இருண்ட பக்கமும் இருக்கு. செடியில் பூச்சியா, லெட் ஆர்சனேட் தெளியுங்கள் என்பது அக்கால வழக்கமான ஆலோசனை. அது ஈயமும் ஆர்சனிக்கும் சேர்ந்த கலவை. 1892-ல் மாசசூசெட்ஸில் ஜிப்சி அந்துப்பூச்சியை ஒழிக்கக் கண்டுபிடிக்கப்பட்டது. அரசு நிபுணர்களே பரிந்துரைத்ததால் பத்திரிகைகளும் சந்தேகப்படவில்லை. ஈயமும் ஆர்சனிக்கும் மக்கிப்போகாது. அந்தக் காலத்து ஆப்பிள் தோட்டங்கள் இருந்த இடங்களில், மேல்மண்ணில் அவை இன்றும் இருக்கின்றன. பல இடங்களில் அதன்மேல் இப்போது வீடுகள்.

செடிக்கும் பாஸ்போர்ட் வேண்டுமா?

வெளிநாட்டுச் செடிகளை வரவேற்று எழுதியவர்களில் முக்கியமானவர் டேவிட் ஃபேர்சைல்டு. அரசுக்காக உலகம் சுற்றி செடி சேகரித்தவர். அவர் எழுதிய 'நேஷனல் ஜியோகிராஃபிக்' இதழின் ஆசிரியர் கில்பர்ட் க்ரோஸ்வெனர் அவருக்குச் சகலை. இருவருமே தொலைபேசி கண்ட கிரகாம் பெல்லின் மருமகன்கள்!

எதிர்ப்பக்கம் நின்றவர் பூச்சியியல் அதிகாரி சார்லஸ் மார்லட், ஃபேர்சைல்டின் சிறுவயது நண்பர். 1904-ல் நியூயார்க் உயிரியல் பூங்காவில் தென்பட்ட ஒரு வெளிநாட்டுப் பூஞ்சை, அமெரிக்க செஸ்நட் மரங்களைக் கோடிக்கணக்கில் கொன்றது. 1910 ஜனவரியில் ஜப்பான் பரிசாக அனுப்பிய 2,000 செர்ரி மரங்களில் பூச்சியும் நோயும் இருந்ததால் வாஷிங்டனில் அவை எரிக்கப்பட்டன. இன்று அங்கே கூட்டம் கூட்டமாக மக்கள் பார்க்கும் செர்ரி, 1912-ல் ஜப்பான் மறுபடி அனுப்பியதில் தொடங்கியது.

1911 ஏப்ரலில் மார்லட், பூச்சியைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று எழுதினார். வெளியிட்டது அதே 'நேஷனல் ஜியோகிராஃபிக்'. சகலையின் எதிராளிக்கும் க்ரோஸ்வெனர் இடம் கொடுத்தார். 1912-ல் சட்டம் வந்தது. 1919 ஜூன் 1 முதல் 'குவாரன்டைன் 37' என்ற விதி பெரும்பாலான செடிகளின் இறக்குமதியை முடக்கியது. தோட்டக்காரர்கள் கொதித்துப் போனார்கள்.

அந்த விதி தேடியது செடியோடு வரும் பூச்சியையும் நோயையும்தான். செடியே தப்பி ஓடிக் காட்டைப் பிடிக்குமா என்பது யார் கவலையிலும் இல்லை. பார்பெரி இன்னொரு வகையிலும் தப்பித்தது. கோதுமையைத் தாக்கும் துரு நோய்க்கு இடம் கொடுக்கிறது என்று 1918 முதல் சாதாரண பார்பெரிப் புதர்களை அரசே ஊர் ஊராகப் பிடுங்கி அழித்தது. ஜப்பானிய பார்பெரிக்கு அந்த நோய் ஒட்டுவதில்லை. அதனால் பயமில்லாமல் நடலாம் என்ற நல்ல பெயர் அதற்குக் கிடைத்தது. பழத்தைத் தின்ற பறவைகள் விதையைக் காட்டுக்குக் கொண்டுபோயின.

உள்ளூர்ச் செடிகளுக்காகப் பேசிய குரலும் இதே பத்திரிகை உலகத்திலிருந்துதான் வந்தது. 'கார்டன் மேகசின்' ஆசிரியராக இருந்த வில்ஹெல்ம் மில்லர், பிறகு இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1915-ல் ஒரு பிரசுரம் வெளியிட்டார். நம் புல்வெளி நிலத்தில் தானாக வளரும் செடிகளையே வீட்டைச் சுற்றி நடுங்கள் என்பது அதன் சாரம். பார்பெரிக்குப் பதிலாக என்ன நடலாம் என்று அமெரிக்க மாகாணங்கள் இப்போது வெளியிடும் பட்டியல்களிலும் நிறைய இடம் பிடித்திருப்பது உள்ளூர்ப் புதர்கள்தான்.