காரைக்கால் மணலும் கடல் நீரும்

மகாராஷ்டிரத்தில் கிணறு தோண்டுகிறவர் பாறையில் விரிசல் தேடுகிறார். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்து இறுகிய எரிமலைக் குழம்பு அங்கே அடுக்கடுக்காகக் கிடக்கிறது. சிதைந்த மேற்பகுதி, வெடிப்பு, ஆவிக்குமிழ் விட்டுப்போன துளைகள், இவற்றில்தான் தண்ணீர் தங்கும். அதனால் ஒரு கிணறு வற்றிக் கிடக்க, பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் நிற்பது அங்கே சகஜம்.

காவிரியின் கடைமடையான காரைக்காலில் கேள்வியே வேறு. அரசலாறும் நாட்டாறும் திருமலைராஜன் ஆறும் கொண்டுவந்து சேர்த்த மணலும் களிமண்ணும்தான் இங்கே தரை. தோண்டினால் தண்ணீர் உண்டு. அது நன்னீரா உப்புநீரா, எவ்வளவு எடுக்கலாம் என்பதே பிரச்சினை. பிரெஞ்சு ஆட்சியில் இங்கே நிலத்தைத் துளையிட்டபோது கிடைத்த கடற்சிப்பிப் புதைபடிவங்களை மொரிஸ் கோஸ்மான் 1900 முதல் விவரித்து எழுதினார். கடல் இந்த நிலத்துக்குப் பழைய விருந்தாளி.

நன்னீர் எடை குறைந்தது, உப்புநீரின்மேல் மிதக்கும். மணலில் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் நன்னீர் இருக்கும் என்பது கைபன்–ஹெர்ஸ்பர்க் கணக்கு. மோட்டார் ஓடி மட்டம் 1 மீட்டர் இறங்கினாலோ, உப்பின் எல்லை நாளடைவில் 40 மீட்டர் வரை மேலேறப் பார்க்கும். நடுவே களிமண் அடுக்கு இருந்தால் கணக்கு மாறும்.

ஆகவே முதலில் மின்தடை ஆய்வு. நேர்கோட்டில் நான்கு கம்பிகளைத் தரையில் அடித்து, வெளிக்கம்பிகள் வழியே மின்சாரம் செலுத்தி, உள்கம்பிகளில் மின்னழுத்தம் அளக்கிறார்கள். வெளிக்கம்பிகளைத் தள்ளித் தள்ளி நட, அளவு ஆழத்துக்கு இறங்குகிறது. நன்னீர் மணலில் தடை அதிகம், உப்பு மணலில் மிகக் குறைவு. களிமண்ணும் குறைவாகவே காட்டும் என்பதால், துளைபோட்டு மண்ணையும் நீரையும் பார்க்காமல் முடிவு சொல்ல முடியாது.

அடுத்தது பம்பிங் சோதனை. ஒரு கிணற்றில் மோட்டாரை ஒரே வேகத்தில் ஓட்டி, சற்றுத் தள்ளியுள்ள கிணற்றில் நீர்மட்டம் இறங்குவதை முதலில் நிமிடத்துக்கு ஒருமுறை, பிறகு இடைவெளி விட்டு அளப்பார்கள். 1935இல் சார்லஸ் தைஸ் தந்த சூத்திரத்தில் அந்த அளவுகளைப் பொருத்தினால், படுகை எவ்வளவு நீரைக் கடத்தும், எவ்வளவு சேமிக்கும் என்பது தெரியும். வெடிப்பு வழியே நீர் ஓடும் எரிமலைப் பாறையில் இந்தச் சூத்திரம் தடுமாறும். சீரான மணலில் நன்றாகப் பொருந்தும்.

காரைக்காலில் இந்த எண்களின் பயன், மோட்டாரின் குதிரைத்திறனையும் கிணற்றுக்குக் கிணறு விடவேண்டிய தூரத்தையும் முடிவுசெய்வதில் இருக்கிறது. உப்பு ஒருமுறை ஏறிவிட்டால், பல பருவமழை கழுவினாலும் அவ்வளவு சுலபமாக இறங்காது.