கடுகு அறுவடையும் தில்லியின் வரிக் கணக்கும்

புதுதில்லி: தமிழகத்தில் தாளிப்போடு முடிந்துவிடும் கடுகு, வடமாநிலங்களில் அன்றாடச் சமையல் எண்ணெய், ஆகவே அரசியலும்கூட. நாட்டின் கடுகு உற்பத்தியில் ஏறத்தாழப் பாதியைத் தரும் ராஜஸ்தானில், அக்டோபரில் விதைக்கப்படும் பயிர் பிப்ரவரி இறுதியில் அறுவடைக்கு வருகிறது. பரத்பூர், அல்வர் விவசாயிகளின் ஓராண்டு உழைப்புக்கு விடை கிடைப்பது அதையொட்டிய சில வாரங்களில்தான்.

நெற்றுகளில் முக்கால் பங்கு மஞ்சளானதும் அறுத்தாக வேண்டும். முந்தினால் விதை சுருங்கி எண்ணெய்ச் சத்து குறையும். பிந்தினால் நெற்று வெடித்து விதை மண்ணில் சிதறும். பனி ஈரம் உலராத அதிகாலையில் அறுப்பது அதனால்தான். அறுத்த செடிகளைக் கட்டிப் போராக அடுக்கி, ஒரு வாரத்துக்கும் மேலாகக் காயவிட்டுப் பிறகு அடிக்கின்றனர். அந்த நாள்களில் மழை பெய்தால் விதை நிறம் மாறிப் பூஞ்சணம் பிடிக்கும். 2023 மார்ச்சில் பருவம் தவறிப் பெய்த மழையும் ஆலங்கட்டியும் ராஜஸ்தானில் கடுகு, கோதுமை இரண்டையும் பதம் பார்த்தன. கடுகுக்கு நெருங்கிய உறவான கனோலாவைப் பயிரிடும் கனடா விவசாயிக்கும் இதே கவலை உண்டு. ஆனால் பரந்த நிலத்தை விரைந்து அறுக்க அவரிடம் இயந்திரம் இருக்கிறது.

வானத்திடமிருந்து தப்பிய கடுகு அடுத்து மண்டியில் சிக்குகிறது. 2023இல் குவிண்டாலுக்கு ஆதரவு விலை ரூ. 5,450. பல மண்டிகளில் கிடைத்ததோ ரூ. 5,000க்கும் குறைவு. அப்போது கச்சா பாமாயில் மீதான இறக்குமதி வரி வெறும் 5.5 சதவீதம். அந்த ஏப்ரலில் ராஜஸ்தான் விவசாயிகள் ஜந்தர் மந்தருக்கு வந்து போராடினர். அரசுக் கொள்முதல் உண்டே எனலாம். அதுவும் உற்பத்தியில் கால் பங்கு வரைதான். ஈரப்பதம் 8 சதவீதத்தைத் தாண்டவும் கூடாது. கடன்காரர் வாசலில் நிற்கும்போது, காயவைத்துக் காத்திருக்கச் சிறு விவசாயியால் முடியுமா?

2024 செப்டம்பரில் கச்சா சமையல் எண்ணெய்கள் மீதான வரி 27.5 சதவீதமாக உயர்ந்தது. நுகர்வோர் விலையைக் காரணம் காட்டி, 2025 மே இறுதியில் அது 16.5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. விதைப்பின்போது இருந்த வரி அறுவடையின்போது இருக்கும் என்ற உறுதி யாருக்கும் இல்லை.

இந்த வரி தெற்கையும் விடுவதில்லை. குமரி எல்லையை ஒட்டிய கேரளத்தின் செங்கல், பாறசாலை பகுதியில் கடுகு விளைவதில்லை, தென்னை விளைகிறது. மலிவான பாமாயில் கொப்பரை விலையையும் சரிக்கும் என்பதால்தான், கேரளத் துறைமுகங்கள் வழியே அதன் இறக்குமதிக்கு மத்திய அரசு 2007இல் தடை விதித்தது. வேறு துறைமுகத்தில் இறங்கி லாரியில் வரும் எண்ணெயை அது எப்படித் தடுக்கும் என்பது அன்றே எழுந்த கேள்வி.

எண்ணெய் வித்து உற்பத்தியை 2030-31க்குள் 697 லட்சம் டன்னாக உயர்த்த, ரூ. 10,103 கோடியில் தேசிய இயக்கம் ஒன்றுக்கு 2024 அக்டோபரில் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 2026-27 பருவத்துக்கு ஆதரவு விலை ரூ. 6,200. மண்டியில் அது கிடைக்குமா என்பது விதையைவிட வரியைப் பொறுத்தே இருக்கிறது. வரியை மாற்ற நிதியமைச்சகத்தின் ஓர் அறிவிக்கை போதும்.