மணலில் நின்ற மோட்டார் சைக்கிள்

பாசிக்குடாவில் பிரதான வீதியை விட்டு ஒழுங்கைக்குள் இறங்கினால் மணல்தான். கியரைக் குறைக்காமல் போனால் எஞ்சின் நின்றுவிடும். காய்ச்சல்காரப் பிள்ளையோடு வாழைச்சேனை ஆதார வைத்தியசாலைக்குப் புறப்பட்ட தாய்க்கு அது சின்ன விடயமல்ல. நான் ஓட்டுவது பஜாஜ் சி.டி.100, உதைத்துத்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும்.

சகோதரிகளே, முதலில் நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். சூடான எஞ்சினுக்குச் சோக் வேண்டாம். அது காற்றைக் குறைத்துப் பெற்றோலைக் கூட்டும், பிளக் நனைந்துவிடும். அக்சிலேட்டரையும் முறுக்காதீர்கள். கிக்கரை மெதுவாக அழுத்த, ஓரிடத்தில் இறுகும். அதைச் சற்றுத் தாண்டவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, அடிவரை ஒரே மிதியாக மிதியுங்கள். இதற்கு ஆண்பிள்ளையின் கால் வேண்டும் என்பது வீண்கதை. பலத்தைவிட முழு மிதிதான் முக்கியம்.

விழுந்த சைக்கிளென்றால் கதை வேறு. காபரேட்டரிலிருந்து பெற்றோல் வழிந்து எஞ்சினுக்குள் போயிருக்கும். அப்போது மட்டும் அக்சிலேட்டரை முழுதாகத் திறந்து பிடித்துக்கொண்டு மிதிக்க வேண்டும். காற்றுப் புகுந்து ஈரம் காயும். எஞ்சின் பிடித்ததும் கையைத் தளர்த்துங்கள். பெற்றோல் மணம் கடுமையாக அடித்தால் சாவியை நிறுத்தி ஐந்து நிமிடம் பொறுங்கள். உதவிக்கு வருகிறவர் பீடியோடு கிட்ட வரவும் விடாதீர்கள்.