வடசென்னைக்கு ஒரு இயற்கை பூங்கா: வெள்ளத்தை கடலில் சேர்க்கும் எண்ணூர் கழிமுகம்

திருவொற்றியூர்,–

ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும். "எங்கேயாவது கூட்டிட்டு போப்பா" என்று பசங்க நச்சரிக்க ஆரம்பித்து விடுவார்கள். மெரினாவுக்கு போனால் கூட்டம். வண்டலூர் போய் வர ஒரு நாள் ஆகும், செலவும் ஜாஸ்தி. "நம்ம ஏரியாவில் என்ன இருக்கு? கன்டெய்னர் லாரியும் புகையும்தானே" என்று அலுத்துக்கொள்பவர்கள்தான் அதிகம்.

பூங்கா என்றால் ராயபுரம் பக்கத்து ஆட்களுக்கு ராபின்சன் பூங்காதான் ஞாபகம் வரும். 1949 செப்டம்பரில் தி.மு.க. தொடக்க விழா கூட்டம் நடந்த இடம். இப்போது அறிஞர் அண்ணா பூங்கா. அதையெல்லாம் விட பல மடங்கு பெரிய இடம் ஒன்று நம்ம பக்கத்திலேயே இருக்கிறது. அதுதான் எண்ணூர் கழிமுகம். அரசு கணக்கில் இது பூங்கா கிடையாது. ஆனால் ஆறு, கடல், காடு, பறவை நாலையும் ஒரே இடத்தில் பார்க்கலாம்.

எப்படி போவது?

சென்ட்ரலில் இருந்து கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரெயிலில் ஏறினால் கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், அடுத்தது எண்ணூர். மெட்ரோ ரெயிலில் விம்கோ நகர் வரை வந்து, அங்கிருந்து பஸ் அல்லது ஷேர் ஆட்டோவிலும் போகலாம். எண்ணூரை தாண்டி அத்திப்பட்டு புதுநகர் வரை ரெயிலில் போனால், நடுவில் ஆற்றுப் பாலம் வரும். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் பாதி கழிமுகத்தை அங்கேயே பார்த்து விடலாம்.

நெட்டுக்குப்பம் பக்கம் போனால் ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தை பார்க்கலாம். காலையில் சீக்கிரம் போவது நல்லது. கடல் இறங்கி சேறு தெரியும் நேரத்தில்தான் பறவைகள் இரை தேட வரும். கொக்கு, நாரை, நீர்க்காகம், கூழைக்கடா என்று பசங்களுக்கு ஒவ்வொன்றாக காட்டலாம்.

மூச்சு விடும் வேர்

ஆற்றின் நல்ல தண்ணீரும் கடலின் உப்புத் தண்ணீரும் இங்கே கலக்கிறது. இந்த தண்ணீரில் எல்லா மரமும் வளராது. அலையாத்தி மரம் வளரும். சேற்றில் காற்று கிடையாது என்பதால், இதன் வேர் பென்சில் பென்சிலாக மேல் நோக்கி முளைத்து மூச்சு விடும். வேர் வழியாக ஏறும் உப்பை இலை வழியாக வெளியே தள்ளிவிடும். வெயிலில் பார்த்தால் இலை மேல் உப்பு படிந்திருப்பது தெரியும்.

இந்த வேர்களுக்கு நடுவில்தான் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் பெரிய மீனுக்கு பயப்படாமல் வளரும். சுருக்கமாக சொன்னால் இது மீன்களின் பால்வாடி. அலையாத்தி அழிந்தால் மீன்பாடும் குறைந்து விடும்.

பூண்டி திறந்தால்...

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். மழைக்காலத்தில் டி.வி.யில் "பூண்டி ஏரி திறப்பு, கரையோர மக்களுக்கு எச்சரிக்கை" என்று செய்தி ஓடுகிறதே, அந்த தண்ணீர் எங்கே போகிறது?

1944-ல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்தின் உபரி நீர் கொசஸ்தலை ஆற்றில் இறங்கி, தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளை தாண்டி எண்ணூர் வந்து கடலில் சேருகிறது. புழல் ஏரி நிரம்பினால் அதன் உபரி நீரும் வடபெரும்பாக்கம், கொசப்பூர், மணலி, சடையங்குப்பம் வழியாக இங்கேதான் வர வேண்டும். செம்பரம்பாக்கம் தண்ணீருக்கு அடையாறு எப்படியோ, அப்படித்தான் பூண்டிக்கும் புழலுக்கும் எண்ணூர்.

வெள்ளம் வரும் நேரத்தில் கடலும் ஏறி நின்றால் தண்ணீர் உடனே உள்ளே போகாது. அதுவரை அகலமாக விரிந்து நிற்க இடம் வேண்டும். அந்த இடம்தான் கழிமுகமும் அதை சுற்றிய சதுப்பு நிலமும். அதை மண் கொட்டி மேடாக்கினால், நிற்க இடம் இல்லாத தண்ணீர் வீட்டுக்குள்தான் வரும். 2021 நவம்பரில் பூண்டி தண்ணீர் மணலி புதுநகரை சூழ்ந்தபோது ஜனங்கள் பட்ட பாடு இன்னும் மறக்கவில்லை.

சாம்பலும் எண்ணெயும்

இத்தனை முக்கியமான இடத்துக்கு என்ன நடந்தது?

அனல் மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்த பிறகு மிஞ்சும் சாம்பலை தண்ணீரில் கலந்து குழாய் வழியாக சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். அந்த குழாய்களில் கசிந்த சாம்பல் பல ஆண்டுகளாக கழிமுகத்தில் படிந்தது. ஆழம் குறைந்தது. படகு தரை தட்டியது. 2017 அக்டோபரில் நடிகர் கமல்ஹாசன் நேரில் வந்து பார்த்த பிறகுதான் இந்த பிரச்சினை வெளியூர் ஜனங்களுக்கும் தெரிந்தது. 2022-ல் தேசிய பசுமை தீர்ப்பாயமும் சாம்பல் மாசை சரிசெய்ய உத்தரவிட்டது.

அடுத்து எண்ணெய். 2017 ஜனவரி 28-ந்தேதி காமராஜர் துறைமுகம் அருகே 2 கப்பல்கள் மோதியதில் எர்ணாவூர் கடற்கரை கறுப்பானது. எண்ணெயை வாளியில் அள்ளிய காட்சியை நாடே பார்த்தது. 2023 டிசம்பரில் மிச்சாங் புயல் மழையின்போது மணலி தொழிற்பேட்டை பக்கத்தில் இருந்து வெள்ளத்தோடு வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக கழிமுகம் முழுக்க பரவியது. வலை, படகு எல்லாம் பாழ். இறக்கையில் எண்ணெய் ஒட்டி கூழைக்கடாக்கள் தவித்தன.

இது போதாது என்று "காக்கா ஆழி" என்ற ஒரு வகை சிப்பியும் வந்து சேர்ந்திருக்கிறது. தென் அமெரிக்கா பக்கத்து சரக்கு. ஆற்றின் அடியில் ஜமக்காளம் விரித்த மாதிரி படர்ந்து விடுவதால் இறால் சேற்றில் புதைந்து வாழ முடியவில்லை. கையால் தடவி இறால் பிடிப்பவர்களின் காலையும் கையையும் கிழிக்கிறது.

பழவேற்காடு வரை

ஒரு நாள் முழுக்க நேரம் இருந்தால் அதே ரெயிலில் பொன்னேரி போய், அங்கிருந்து பஸ்சில் பழவேற்காடு போகலாம். ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் 2-வது பெரிய உப்பு நீர் ஏரி இது. குளிர்காலத்தில் பூநாரைகள் வரும். டச்சுக்காரர்களின் பழைய கல்லறை தோட்டமும் உண்டு.

படகு விஷயத்தில் மட்டும் உஷார். 2011 டிசம்பர் 25-ந்தேதி பழவேற்காட்டில் உல்லாச படகு கவிழ்ந்து 22 பேர் பலியானார்கள். யாராவது கூப்பிட்டாலும் அனுமதி இல்லாத படகில் ஏறாதீர்கள். முகத்துவாரத்தில் இழுப்பு அதிகம். பசங்களை தண்ணீரில் இறக்க வேண்டாம். தொப்பி, குடிநீர், சாப்பாடு கையோடு கொண்டு போங்கள். பிளாஸ்டிக் கவரை அங்கேயே போட்டுவிட்டு வராதீர்கள்.

புறம்போக்கு அல்ல

தென்சென்னையில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு 2022-ல் 'ராம்சர்' என்ற உலக அந்தஸ்து கிடைத்தது. அதற்கு முன் அதுவும் குப்பை கொட்டும் இடமாகத்தான் இருந்தது. ஜனங்கள் போய் பார்த்தார்கள், பறவையை எண்ணினார்கள், கேள்வி கேட்டார்கள். பிறகுதான் மதிப்பு வந்தது.

எண்ணூருக்கும் அதேதான் வழி. ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் ராத்திரியோடு ராத்திரியாக லாரியில் மண் கொட்டினால் கேட்க நாதி இருக்காது. வாராவாரம் ஜனங்கள் வந்து போனால் கொட்டுபவன் யோசிப்பான். குப்பையோ கட்டிட இடிபாடோ கொட்டுவதை பார்த்தால் மாநகராட்சியின் 1913 எண்ணுக்கு போன் போட்டு சொல்லலாம்.

முகத்துவாரம் பக்கம் நாலு நிழற்குடை, ஒரு கழிப்பறை, பறவை பெயர் எழுதிய ஒரு பலகை வைத்தால் இன்னும் நிறைய குடும்பங்கள் வரும். அதிகாரிகள் மனசு வைப்பார்களா?