கச்சான் ஓய்ந்து கொண்டல் வரும் காலம்: கிழக்குக் கரையின் புரட்டாசி வானிலை

தமிழகத்தின் கிழக்குக் கரையில் செப்டம்பர் நடுப்பகுதி முதல் அக்டோபர் மூன்றாம் வாரம் வரையிலான நாட்கள் இரண்டு பருவமழைகளுக்கு இடைப்பட்டவை. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்குப்படி, தென்மேற்குப் பருவமழை மேற்கு ராஜஸ்தானிலிருந்து விலகத் தொடங்கும் இயல்பான நாள் செப்டம்பர் 17. அக்டோபர் 15 வாக்கில் அது நாடு முழுவதிலிருந்தும் விலகிவிடும். அக்டோபர் 20-ஐ ஒட்டி வடகிழக்குப் பருவமழை தொடங்கும். தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, அதாவது சராசரியாக 44 செ.மீ., அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் கிடைக்கிறது. கடலோர மாவட்டங்களில் இந்தப் பங்கு 60 விழுக்காட்டை எட்டும். சம்பா சாகுபடி, ஏரி குளங்களின் நீர் இருப்பு, சென்னையின் குடிநீர் ஆகிய எல்லாமே இந்த மழையை நம்பியிருப்பதால், புரட்டாசியில் வெளியாகும் வானிலை அறிவிப்புகளுக்குத் தனி மதிப்பு உண்டு.

புரட்டாசியில் பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும் என்பது பழமொழி. இரண்டும் ஒரே நாளில் நடப்பதற்குக் காரணம் உண்டு. அந்த மாதத்தில் மேற்குக் காற்று, மீனவர்கள் சொல்லும் கச்சான், இன்னும் ஓயாமல் வீசிக்கொண்டிருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி உள்நாடு வழியாக வருவதால் அது கரையை அடையும்போது உலர்ந்து சூடேறியிருக்கும். கடற்காற்று நண்பகலிலேயே உள்ளே வந்துவிட்டால் வெப்பம் தணியும். கச்சான் பலமாக இருந்தால் கடற்காற்று தாமதமாகும். பிற்பகல் வெப்பநிலை 35 டிகிரியைத் தாண்டும். ஈரமான கடற்காற்றும் சூடான தரைக்காற்றும் எதிர்ப்படும் இடத்தில் காற்று மேலெழுந்து இடிமேகமாகத் திரள்கிறது. வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் மாலையில் உருவாகும் மேகங்களை மேல்மட்டத்து மேற்குக் காற்று கிழக்கே தள்ளிக்கொண்டு வரும். அவை சென்னையை அடையும்போது பெரும்பாலும் இருட்டிவிடும். அதனால்தான் செப்டம்பர் மழை இரவு மழையாக இருக்கிறது. ஒவ்வொரு மேகக்கூட்டமும் சில கிலோமீட்டர் அகலமே உடையது என்பதால், அம்பத்தூரில் கொட்டித் தீர்க்கும் மழை அடையாற்றில் தூறலோடு நின்றுவிடவும் கூடும்.

இந்த மழை கரை நெடுகிலும் ஒரே அளவில் பெய்வதில்லை. சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம் பகுதிகளுக்கு வெப்பச்சலன மழை கணிசமாகக் கிடைக்கும். டெல்டா மாவட்டங்களில் அது குறையும். ராமநாதபுரம், தூத்துக்குடி கரையோரத்தில் செப்டம்பர் பெரும்பாலும் வறண்டே கழியும். அங்கே மானாவாரி விதைப்பு வடகிழக்குப் பருவமழையை எதிர்பார்த்தே நடக்கிறது.

பருவம் மாறுவதன் முதல் அடையாளம் காற்றின் திசை. அக்டோபரில் வட இந்திய நிலப்பரப்பு குளிரத் தொடங்க, அதுவரை அங்கிருந்த தாழ்வழுத்தப் பகுதி வலுவிழந்து தெற்கே வங்கக் கடலை நோக்கி நகர்கிறது. கச்சான் ஓய்ந்து, கிழக்கிலிருந்து கொண்டல் காற்று கடலின் ஈரத்தைச் சுமந்து கரைக்கு வருகிறது. ஆனால் ஒரு நாள் பலத்த மழை பெய்துவிட்டால் பருவமழை தொடங்கிவிட்டதாக வானிலைத் துறை அறிவிப்பதில்லை. தென்மேற்குப் பருவமழை கடலோர ஆந்திரம் வரை விலகியிருக்க வேண்டும். தமிழகக் கரையில் கிழக்குக் காற்று நிலைபெற வேண்டும். அது தரையிலிருந்து சுமார் ஒன்றரை கிலோமீட்டர் உயரம் வரை பரவியிருக்க வேண்டும். தமிழகக் கடலோரத்திலும் தெற்கு ஆந்திரக் கரையிலும் பரவலாக மழை பெய்திருக்க வேண்டும். இந்த நான்கும் பொருந்தி வர வேண்டும்.

இதே நாட்களில் கடலிலும் மாற்றம் நடக்கிறது. செப்டம்பரில் காற்றழுத்தத் தாழ்வுகள் பெரும்பாலும் வடக்கு வங்கக் கடலில் உருவாகி ஒடிசா, ஆந்திரக் கரைகளை நோக்கிச் செல்லும். அக்டோபர் போகப் போக அவை உருவாகும் இடமும் செல்லும் தடமும் தெற்கே இறங்கும். நவம்பரில் தமிழகக் கரை அவற்றின் பாதையில் வந்துவிடும். ஆகவே அக்டோபர் தொடக்கத்தில் கரைக்கு வரக்கூடிய ஆபத்து புயலைவிட இடி, மின்னல், திடீர்ச் சூறைக்காற்று ஆகியவற்றால்தான் அதிகம்.

பருவம் முழுவதற்குமான முன்னறிவிப்பு செப்டம்பர் இறுதியை ஒட்டி வெளியாகிறது. அதற்கு முதல் ஆதாரம் பசிபிக் பெருங்கடலின் வெப்பநிலை. அதன் நிலநடுக்கோட்டுப் பகுதி வழக்கத்தைவிட வெதுவெதுப்பாகும் எல் நினோ ஆண்டுகளில் வடகிழக்குப் பருவமழை கூடுவதும், அது குளிரும் லா நினா ஆண்டுகளில் குறைவதும் பொதுப்போக்கு. இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதி கிழக்குப் பகுதியைவிட வெதுவெதுப்பாக இருந்தால் அதுவும் மழைக்குச் சாதகம். எல் நினோ நிலவிய 2015-ல் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. பலவீனமான லா நினா நிலவிய 2016-ல் தமிழகத்தில் பருவமழை இயல்பைவிட ஏறத்தாழ 60 விழுக்காடு குறைந்தது. ஆனால் 2021-ல் லா நினா இருந்தும் மழை இயல்பைப் பெரிதும் மிஞ்சியது. எனவே பருவ முன்னறிவிப்பு ஒரு சாய்வை மட்டுமே காட்டும். மழை எந்த வாரம் பெய்யும் என்பதை, நிலநடுக்கோட்டை ஒட்டி 30 முதல் 60 நாட்களில் கிழக்கு நோக்கி உலகைச் சுற்றிவரும் மேகத்திரள் அலை பெருமளவு தீர்மானிக்கிறது. அது இந்தியப் பெருங்கடலில் இருக்கும் வாரங்களில் மழை வலுக்கும். விலகிப் போனால் ஓயும்.

அன்றாட அறிவிப்பின் சொற்களுக்கு வரையறை உண்டு. ‘ஓரிரு இடங்களில்’ என்றால் அந்தப் பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களில் கால்பங்குக்கு மேற்படாதவற்றில் மழை பதிவாகலாம் என்று பொருள். ‘ஒரு சில இடங்களில்’ என்றால் கால்பங்குக்கு மேல் பாதி வரை. அளவுக்கும் வரம்பு வகுக்கப்பட்டிருக்கிறது: காலை 8.30 மணியோடு முடியும் 24 மணி நேரத்தில் 6.45 செ.மீ. முதல் 11.55 செ.மீ. வரை கனமழை, அதற்கு மேல் 20.44 செ.மீ. வரை மிகக் கனமழை. அதையும் தாண்டினால் அதிகனமழை. எச்சரிக்கை நிறங்களில் மஞ்சள் நிலைமையைக் கவனித்து வரச் சொல்கிறது. ஆரஞ்சு தயாராக இருக்கச் சொல்கிறது. சிவப்பு உடனே நடவடிக்கை கேட்கிறது.

எந்த அறிவிப்பை எதற்குப் பயன்படுத்துவது என்பது வேலையைப் பொறுத்தது. பயிர்த் திட்டத்துக்கும் நீர்த்தேக்க மேலாண்மைக்கும் பருவ முன்னறிவிப்பு உதவும். நாற்று நடவு, உரமிடல் போன்றவற்றுக்கு ஒன்றிரண்டு வார முன்னறிவிப்பு போதும். கடலுக்குப் போகும் மீனவர் அன்றைய மீனவர் எச்சரிக்கையையும், ஹைதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையத்தின் அலை உயர அறிவிப்பையும் பார்ப்பதே முறை. மாலை இடிமழை எங்கே விழும் என்பதை முந்தைய நாளே சொல்வது கடினம். அதற்கு, சில மணி நேரத்துக்கு முன் ரேடார் படத்தைக் கொண்டு தரப்படும் உடனடி எச்சரிக்கையே நம்பகமானது.